அண்ணன் வீட்டுக்குப் போனால் பென்சன் நின்றுவிடுமா?

கருமாதி முடிந்த கையோடு பந்தலுக்குக் கீழே உறவினர்கள் உட்கார்ந்து பேசும் விஷயங்களில் ஒன்று, இறந்தவரோடு இருந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளை இனி எங்கே இருப்பது என்பது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: கூடப்பிறந்தவர் வீடு. அண்ணனோ தம்பியோ அழைத்துப் போவார்கள். அவர்கள் இல்லையென்றால் கட்டிக்கொடுத்த அக்கா அழைத்துப் போவார். பேச்சு முடிவதற்குள் யாராவது ஒருவர் சொல்வார்: "கூட்டிக்கிட்டுப் போறது சரிப்பா, கார்டுல மட்டும் பேரைச் சேத்துடாதீங்க. ஓஏபி பணம் நின்னுடும்." மாற்றுத்திறனாளி பென்சனையும் முதியோர் பென்சனையும் ஊரில் ஓஏபி என்ற ஒரே பெயரால்தான் சொல்கிறார்கள்.

இந்த எச்சரிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது? உறவினர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தால் ஒருவருடைய அரசு உதவியில் எது அப்படியே இருக்கும், எது குறையும், எது போய்விடும்? இதை முழுதாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. போலியோவால் கால் சூம்பிப்போன தலைமுறை இப்போது நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் 1995இல் தொடங்கியது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். சொட்டு மருந்து இயக்கத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் திருமணம் ஆகாமல் தாய் தகப்பனோடே வாழ்ந்தவர்கள். அந்தத் தாய் தகப்பன்மார் எழுபதையும் எண்பதையும் தாண்டி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் வீடு மாறவேண்டிய காலம் இது.

முதலில் பென்சன். தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் 1962 ஏப்ரலில் தொடங்கியது. உடல் ஊனமுற்றோருக்கான பென்சன் 1974 நவம்பரில் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: காப்பாற்ற யாரும் இல்லாதவருக்கு அரசு கை கொடுக்கும். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் அந்த அடிப்படையே இன்றைய சிக்கலுக்கும் வேர். காப்பாற்ற யாரும் இல்லை என்று காட்டினால்தான் பணம் என்றால், ஒருவர் காப்பாற்ற முன்வந்ததும் பணத்துக்கான காரணம் போய்விட்டது என்று நினைக்க அதிகாரிக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இப்போது இந்தப் பென்சன் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, மத்திய அரசு 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருக்கவேண்டும். குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்கவேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200லிருந்து 300 ஆக்கியதோடு சரி. மீதியை மாநிலம் போடுகிறது. மற்றொன்று மாநில அரசின் சொந்தத் திட்டம். 40 சதவீதக் குறைபாடு இருந்தால் போதும். வாங்குபவர் கையில் வருவது இரண்டிலும் ஒரே தொகைதான். 2011இல் 1,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 1,500 ஆனது.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயனாளி அறிந்திருப்பதில்லை. வங்கிக் கணக்கில் விழும் பணத்தில் எந்தத் திட்டம் என்று எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் வீடு மாறும்போது அந்த வேறுபாடு தலைதூக்கும். மத்தியத் திட்டத்தில் அலகு குடும்பம். தாயோடு ஓலை வீட்டில் இருந்தவரை ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழ். சிமெண்ட் ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் தம்பியின் தளம் போட்ட வீட்டுக்குப் போனதும் காகிதத்தில் அவர் வறுமையிலிருந்து மீண்டவர் ஆகிவிடுகிறார். அவருடைய கால் அப்படியேதான் இருக்கிறது, வருமானமும் அப்படியேதான் இருக்கிறது, மாறியது தலைக்கு மேலிருக்கும் கூரை மட்டும்.

விதிப்படி வீடு மாறியதால் மட்டும் பென்சனை நிறுத்த முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முகவரி மாற்றம் தகுதியிழப்பு ஆகாது. நடப்பது வேறு. விண்ணப்பம் வந்தாலோ மறு ஆய்வு வந்தாலோ கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை கொடுக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுக்கிறார். விசாரணை பெரும்பாலும் வாசலிலேயே நடக்கும். யாரோட இருக்கீங்க? தம்பி என்ன வேலை? நிலம் எவ்வளவு? தனியா சமைக்கிறீங்களா? வீட்டில் பைக் நிற்பதும், மாடியில் டிஷ் தெரிவதும் கேட்காத கேள்விகளுக்குப் பதிலாகிவிடும். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவருடைய உடல் பற்றியதோ அவர் கையில் வரும் காசு பற்றியதோ அல்ல. எல்லாம் அவரைச் சுற்றியிருப்பவர்களைப் பற்றியவை. அறிக்கையில் "உறவினர் பராமரிப்பில் உள்ளார்" என்ற வரி ஏறினால், அடுத்த மறு ஆய்வில் அந்தப் பெயர் மேல்தான் முதலில் கண் விழும்.

இங்கே சட்டத்தைக் கேட்டுப்பார்க்க வேண்டும். தம்பி அக்காவைக் காப்பாற்றச் சட்டப்படி கடமைப்பட்டவரா? இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பிள்ளைகளையும் வயதான, இயலாத பெற்றோரையும்தான் சொல்கிறது. கூடப்பிறந்தவர் அதில் இல்லை. எல்லா மதத்தினருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறையில் முன்பு 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருப்பது, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத வயதுவந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை தருகிறது. அண்ணனிடம் கேட்கும் உரிமை அதிலும் இல்லை. ஆக, அக்காவைத் தம்பி அழைத்துப் போவது பாசத்தால், ஊர் வழக்கத்தால். நாளைக்கு அவர் மறுத்தால் இந்தப் பிரிவுகளை வைத்து எந்த நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்தாது. சட்டம் சுமத்தாத ஒரு கடமையை விசாரணை அறிக்கை மட்டும் எப்படிச் சுமத்தலாம்?

வருமான வரியைப் பாருங்கள். பழைய வரிமுறையில் 80டிடி என்று அறியப்பட்ட ஒரு கழிவு இருக்கிறது. தன்னைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கு 75,000 ரூபாய் கழிவு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. சகோதர சகோதரிகளும் அந்த உறவினர் பட்டியலில் உண்டு. அதாவது அக்காவை வைத்துக் காப்பாற்றுவது தம்பிக்குச் செலவு என்று வரித்துறை ஒப்புக்கொள்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத தம்பி, மக்காச்சோளம் போட்டு மழையை நம்பியிருக்கும் வேப்பந்தட்டைத் தம்பி, முந்திரிக் கொட்டை பொறுக்கிப் பிழைக்கும் ஆண்டிமடத்துத் தம்பி, அவருக்கும் அதே செலவுதான். ஆனால் அவர் விஷயத்தில் மட்டும் அந்த வீடு அக்காவுக்கு ஒரு வருமானமாகக் கருதப்படுகிறது. இதில் நியாயம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

நியாயமான வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வருவாய்த் துறைப் பென்சனிலிருந்து வேறானது. அறிவுசார் குறைபாடு, கடும் உடல் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்கின்சன், தண்டுவட மரப்பு போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். இங்கே பார்ப்பது குறைபாட்டின் வகையையும் அளவையும். அவர் தாயோடு இருக்கிறாரா, சித்தியோடு இருக்கிறாரா என்பது முடிவை மாற்றுவதில்லை. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குக் கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் பேரில் மேலும் 1,000 ரூபாய் தரவும் அரசு ஏற்பாடு செய்தது. இது மிக முக்கியமான படி. பார்த்துக்கொள்ள ஒரு உறவினர் இருப்பதைக் குறையாகக் காணாமல், அந்த உழைப்பு பணம் பெறத் தகுந்தது என்று ஏற்றுக்கொண்ட இடம் அது. வருவாய்த் துறைப் பென்சனையும் இந்த உதவித்தொகையையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. ஆகவே கடும் குறைபாடு இருந்தும் பென்சனில் இருப்பவர் வீடு மாறும் வேளையில், எது தனக்கு உகந்தது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. 500 ரூபாய் கூடுதல் என்பதைவிட, வீட்டாரின் சொத்தைக் கிளறும் விசாரணையிலிருந்து விடுதலை என்பதே பெரிது.

ஊரில் சொல்லும் எச்சரிக்கையின் உண்மையான பலம் பென்சனில் இல்லை, ரேஷன் கார்டில் இருக்கிறது.

தாய் இறந்தபின் தனியாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். இரண்டு காலும் போலியோவால் பாதிக்கப்பட்டவர், குன்னம் வட்டத்து ஊர். அவர் கையில் இருப்பது 35 கிலோ கார்டு, அதாவது அந்தியோதயா. 2000 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தை 2003இல் விரிவாக்கியபோது, நிலையான பிழைப்பு இல்லாத மாற்றுத்திறனாளியைத் தலைவராகக் கொண்ட குடும்பம் என்ற வகையைச் சேர்த்தார்கள். அந்தியோதயாவில் கணக்கு தலைக்கு அல்ல, கார்டுக்கு. எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதை அப்படியே காத்தது. முன்னுரிமைக் கார்டில் அந்தச் சட்டம் சொல்வது நபருக்கு 5 கிலோ. இப்போது அந்தப் பெண் செந்துறைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போகிறார். "ஒரே வீடு, ஒரே கார்டு" என்று யாரோ சொல்ல, இ-சேவை மையத்தில் அவருடைய கார்டை ஒப்படைத்துவிட்டுத் தம்பி கார்டில் பெயரைச் சேர்க்கிறார்கள். அந்த ஒரு காரியத்தில் 35 கிலோ அரிசி போனது. அது தம்பிக்கும் நஷ்டம்தான். அக்கா கொண்டு வந்திருக்கக்கூடிய அரிசி வரவில்லை, சாப்பிடும் வாய் மட்டும் கூடியது.

இழப்பு அரிசியோடு நிற்காது. தமிழ்நாட்டில் எந்தத் திட்டம் வந்தாலும் குடும்பம் என்பதற்குப் பொருள் ரேஷன் கார்டுதான். பொங்கல் தொகுப்பு கார்டுக்கு ஒன்று. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000. அதன் முதல் விதிமுறையில், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவர் உள்ள குடும்பம் விலக்கப்பட்டிருந்தது. அந்த விதி அப்படியே நின்றிருந்தால், நாத்தனார் பெயர் கார்டில் ஏறியதும் தம்பி மனைவியின் 1,000 ரூபாய் ஆபத்தில் மாட்டியிருக்கும். வீட்டில் வந்து சேர்ந்தவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பாரமாகப் பார்க்கச் செய்ய இதைவிடக் கொடிய வழி வேறு இருக்காது. அரசு 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தி, ஓய்வூதியம் வாங்கும் முதியோரும் மாற்றுத்திறனாளியும் உள்ள வீடுகளில் தகுதியுள்ள மற்றப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னது நல்ல முடிவு. ஆனால் முதல் விதி ஊரில் பரவிய வேகத்தில் தளர்வு பரவவில்லை. "பென்சன் வாங்குறவங்க வீட்டுக்கு ஆயிரம் கிடையாது" என்ற பேச்சு இன்னும் நின்றுபோகவில்லை.

மருத்துவக் காப்பீட்டில் எதிர்த்திசையில் ஒரு பள்ளம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அங்கே குடும்பம் என்பது தகுதியுள்ளவர், அவருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். கூடப்பிறந்த அக்கா அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதாவது அரிசிக்குத் தம்பியின் குடும்பத்தில் ஒருவர். அறுவை சிகிச்சைக்கு அதே குடும்பத்தில் அவர் இல்லை. தனிக் கார்டு இருந்தால் தானே குடும்பத் தலைவியாக அட்டை வாங்கியிருப்பார். நூறு நாள் வேலையும் குடும்பத்துக்கு நூறு நாள் என்றே எண்ணப்பட்டது. பெயரை ஒன்றாக்கினால் நாட்களையும் பங்கு போடவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் கார்டை ஒன்றாக்க வேண்டிய கட்டாயமே பல நேரம் இல்லை. தனிக் கார்டுக்கு அதிகாரிகள் பார்ப்பது தனிச் சமையல். வீட்டின் ஒரு பக்கத்து அறையில் தனி அடுப்பு வைத்துக்கொள்பவர் தன் கார்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதுகூட உடனே தேவையில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் முறை 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. குன்னம் கார்டைக் காட்டி, விரல் வைத்து, செந்துறைக் கடையில் அரிசி வாங்கலாம். ஆனால் தனி அடுப்பு என்ற நிபந்தனையை நான் மெச்சவில்லை. காலும் கையும் இயலாதவர் தனியாகச் சமைக்க முடியாது என்பதால்தானே தம்பி வீட்டுக்கே போகிறார்? அதிக இயலாமை உள்ளவருக்குத்தான் இந்த நிபந்தனை அதிகமாகத் தடுக்கிறது.

நம் நாட்டில் மட்டும் இருக்கும் சிக்கல் அல்ல இது. அமெரிக்காவில் வருமானமற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய உதவித்தொகை 1974 ஜனவரியில் தொடங்கியது, நம் பென்சனுக்குப் பத்து மாதம் முன்பு. அதில் வெளிப்படையாகவே ஒரு விதி உண்டு: இன்னொருவர் வீட்டில் தங்கி, உணவும் இருப்பிடமும் அவர்கள் தயவில் கிடைத்தால் தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வீட்டுச் செலவில் தன் பங்கைக் கொடுத்தால் குறையாது. அரை நூற்றாண்டுக் காலம் உறவினர் ஊட்டிய சோற்றையும் வருமானமாகக் கணக்கிட்டார்கள். 2024 செப்டம்பர் 30 முதல் உணவைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். இருப்பிடம் இன்னும் கணக்கில் இருக்கிறது.

பிரிட்டனில் இரண்டும் கலந்து இருக்கிறது. உடல் குறைபாட்டுக்காகத் தரும் தனிநபர் உதவித்தொகை வருமானத்தையும் பார்க்காது, யாரோடு இருக்கிறீர்கள் என்றும் கேட்காது. ஆனால் பழைய வருமான உதவிகளோடு சேர்ந்த கடும் குறைபாட்டுக் கூடுதல் தொகை, கூட வேறொரு வயதுவந்தவர் வாழ்ந்தால் பொதுவாகக் கிடைக்காது. அதைப் பெற்றுவந்த இருவர் வேறு பகுதிக்கு வீடு மாறியதும், அங்கு நடைமுறைக்கு வந்திருந்த புதிய உதவித் திட்டத்துக்கு மாற்றப்பட்டு மாதம் சுமார் 178 பவுண்டு இழந்தார்கள். லண்டன் உயர் நீதிமன்றம் 2018 ஜூனில் அதைப் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. ஒருவர் இருப்பிடத்தை மாற்றியதற்காக அவருடைய உதவி சரியலாமா என்ற கேள்வியே அந்த வழக்கில் எழுந்தது. நம் பக்கத்தில் இதே நிலையில் இருப்பவருக்கு வழக்குப் போடும் வசதி இல்லை.

ஆனால் நமக்கு நல்ல சட்டம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எந்தக் குறிப்பிட்ட குடியிருப்பு ஏற்பாட்டிலும் வாழ மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு இன்னும் விரிவாகச் சொல்கிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. தம்பி வீட்டுக்குப் போனால் 35 கிலோ போகும், பென்சன் ஆடும், தனியாகக் கிடந்தால் எல்லாம் அப்படியே இருக்கும் என்ற நிலை ஒரு வகைக் கட்டாயம்தான். வாயால் சொல்லவில்லை, பணத்தால் சொல்கிறோம்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குத் தரும் உதவி மற்றவர்களுக்கு உள்ள அதே வகைத் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்கவேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் பென்சன் 1,200 ஆனது. அதற்கு 25 சதவீதம் கூட்டினால் 1,500. சட்டம் சொன்ன குறைந்தபட்ச அளவில் மிகச் சரியாக நின்றிருக்கிறோம். ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி பென்சனை 6,000 ஆக்கியது, முழுதும் பிறரைச் சார்ந்திருப்பவருக்கு 15,000. தெலங்கானாவில் 2023இலிருந்து 4,016. தொகை கூடினால் வீட்டில் மதிப்பும் கூடும் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. தன் பங்கைக் கொடுத்துச் சாப்பிடும் அக்காவுக்கும் கையேந்திச் சாப்பிடும் அக்காவுக்கும் வித்தியாசம் உண்டு. 1,500 ரூபாயில் மருந்தும் டயப்பரும் போக, வீட்டுக்கு என்று கொடுக்க என்ன மிஞ்சும்?

இனி இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒரு சங்கடம். 1995 வரை இரண்டும் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மறுபடி பிரிந்தது. மாவட்டக் கோட்டுக்கு இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல், பெண் கொடுத்தல் பெண் எடுத்தல் எல்லாம் பழையபடியே நடக்கின்றன. குன்னம் சட்டமன்றத் தொகுதியில் செந்துறைப் பக்கமும் வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், மாவட்ட ஆட்சியர் இருவர். குன்னத்திலிருந்து செந்துறைக்குக் குடிபோகும் அந்தப் பெண்ணுக்கு அது பக்கத்து ஊர். பென்சன் கோப்புக்கோ அது வேறு வட்டம், வேறு மாவட்டம். பழைய ஊரில் கள ஆய்வு நடக்கும்போது ஆள் இல்லை என்றால் பெயர் நீக்கப்படலாம். புதிய வட்டத்தில் மனுக் கொடுத்து விசாரணை முடிந்து ஆணை வரும்வரை மாதங்கள் போகும்.

பணத்தை வாங்குவதிலும் சிரமம் உண்டு. வங்கியிலிருந்து கையடக்க மெஷினோடு ஊருக்கு வரும் முகவரிடம் விரல் வைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். பழைய ஊரில் அந்த முகவருக்கு இவரைத் தெரியும், வாசலுக்கே வருவார். புதிய ஊரில் தெரியாது. கையை ஊன்றித் தவழ்ந்து தவழ்ந்து விரல் ரேகை தேய்ந்துபோனவருக்கு மெஷின் நாலு தடவை மறுக்கும். தம்பி மகன் பைக்கில் ஏற்றி வங்கிக்குக் கொண்டுபோய் வரவேண்டும். ஏடிஎம் அட்டையைத் தம்பி கையில் கொடுத்துவிடுவது எளிய வழி. பிறகு பணம் யாருடையது என்ற கேள்வி வீட்டுக்குள் எழாமலே போய்விடும். ஆகவே கணக்கும் செல்போன் எண்ணும் அவருடைய பெயரிலேயே இருக்கவேண்டும். அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர் என்றால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். தாய் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவர் யார் என்று முடிவு செய்து வைப்பது எவ்வளவோ மேல்.

சொத்தைப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. அக்காவை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது நம் பக்கத்தில் அரிதல்ல. மாற்றுத்திறனாளிக்குப் பங்கு எதற்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நோயோ ஊனமோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் திருமணமாகாத மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கும் வந்துவிட்டது. ஆனால் பத்திரத்தில் கைநாட்டு வைத்தபின் தம்பி சோறு போட மறுத்தால் என்ன வழி? அறுபது வயது ஆனவர் என்றால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் கை கொடுக்கும். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்க 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் கேட்கலாம். பிள்ளை இல்லாத மூத்த குடிமகனின் சொத்தைப் பெறும் உறவினரைப் பராமரிக்கச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஐம்பது வயது மாற்றுத்திறனாளிக்கு இந்த வழி இல்லை. அறுபதுக்குக் கொடுத்த பாதுகாப்பைக் குறைபாட்டுக்கும் கொடுக்க ஒரு திருத்தம் போதும். இத்தனை ஆண்டுகளில் யாரும் அதற்கு அவசரம் காட்டவில்லை. அதுவரை, எழுதிக்கொடுப்பதாக இருந்தால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். முடிந்தால் எழுதிக்கொடுக்கவே வேண்டாம். ஒரு காணி நிலம் தன் பெயரில் இருப்பவருக்கு வீட்டில் யாரும் தட்டை விட்டெறிய மாட்டார்கள்.

அரசு செய்யவேண்டியவற்றில் பெரிது ஒன்று, சிறியவை சில. பெரியது, மாற்றுத்திறனாளி பென்சனில் குடும்ப வருமானத்தைப் பார்ப்பதை விட்டு, பராமரிப்பு உதவித்தொகையைப் போல ஆளை மட்டும் பார்ப்பது. மத்தியத் திட்டம் வறுமைக்கோட்டைக் கேட்டால் கேட்கட்டும், அது தருவது 300 ரூபாய். மாநிலத் திட்டத்தின் விசாரணையிலிருந்து கூடப்பிறந்தவரின் வேலை, நிலம், வீடு பற்றிய கேள்விகளை நீக்க ஒரு அரசாணை போதும். சிறியவற்றில் முதலாவது, அந்தியோதயா கார்டு வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி உறவினர் கார்டில் சேரும்போது என்ன இழக்கிறார் என்பதை இ-சேவை மையத்தின் திரையிலேயே காட்டி, அவருடைய ஒப்புதல் வாங்கியபிறகே பெயரை மாற்றுவது. தனிச் சமையல் நிபந்தனையிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்துவிட்டால் இந்த இழப்பே வராது. அடுத்து, புதிய வட்டத்தில் பணம் விழும்வரை பழைய வட்டத்தில் நிறுத்தாமல் இருப்பது. பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர்கள் இருவரும் பேசி முடிவெடுத்தால் சென்னைக்குப் போகாமலே இதைச் செய்யலாம்.

இன்னொன்றுக்கு எந்தப் புதிய திட்டமும் வேண்டாம். தாயோ தகப்பனோ இறந்தால் வாரிசுச் சான்றுக்காகக் குடும்பம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தே தீரும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதும் அந்தக் காகிதத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஏறுகிறது. வாரிசுகளில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா, இனி யாரோடு இருப்பார் என்று அந்த விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்தால், பென்சன் மாற்றமும் கார்டும் காப்பீடும் பாதுகாவலர் நியமனமும் அந்த ஒரு விசாரணையிலேயே தொடங்கிவிடலாம். அவர் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தபிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டு, பஸ் ஏறித் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கத் தேவையிருக்காது.